மிதித்த தரை விற்பனைக்கு இல்லை

எங்கள் மலையூர் வோலோவான் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற மரவீடுகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேர் குடியிருக்கிற ஊரா என்று வாயைப் பிளப்பார்கள். அதில் பாதி வீட்டில் ஆளே கிடையாது. அவை விற்பனைக்கு நிற்கிற வீடுகள். கல்மேல் ஆள் உயரத்துக்கு மரக்கால் நிறுத்தி, அதன்மேல் தரை போட்டு, கூரை வேய்ந்து, சன்னல் திரை வரைக்கும் மாட்டி நிறுத்தியிருப்பார்கள். பிடித்திருந்தால் விலை பேசலாம். பேசி முடித்ததும் பலகை பலகையாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் அடையாளம் போட்டு, லாரியில் ஏற்றி, வாங்கினவர் ஊரில் கொண்டுபோய் மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். சட்டை வாங்குகிற மாதிரிதான். என்ன, மடித்துக் கொடுக்கக் கொஞ்சம் ஆள் வேண்டும்.

தீன்சே குடியிருந்தது அப்படி ஒரு விற்பனை வீட்டில். அதுவும் கல்யாணமான நாளிலிருந்து.

அவள் புருஷன் பெர்த்தி லாசுட் வீடு செய்கிற தச்சன். நல்ல தச்சன், அதில் குறை சொல்ல முடியாது. ஆளில்லாத வீடு சீக்கிரம் களையிழந்துவிடும், அடுப்பு எரிந்து துணி காய்ந்தால்தான் பார்க்கிறவனுக்கு ஆசை வரும் என்பது அவன் கொள்கை. அதனால் கட்டி நிறுத்துகிற வீட்டில் குடும்பத்தோடு ஏறிக்கொள்வான். அது விற்றால் அடுத்த வீட்டுக்கு மாறிக்கொள்வான். அவனுக்கு அது வியாபாரம். தீன்சேவுக்கு அது வாழ்க்கை.

மூத்த மகள் இவோன் பிறந்த வீடு இப்போது தெர்னாத்தே தீவில் ஒரு கிராம்பு வியாபாரியிடம் இருக்கிறது. இளையவள் தவழ்ந்த வீடு பாலியில் விடுதியாகிவிட்டது. அவள் தவழ்ந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துப் படுத்துக்கொள்கிறார்கள். ஒருதடவை தீன்சே அடுப்பில் பன்றிக்கறி வேகவைத்துக்கொண்டிருந்தபோதே வீடு விற்றுப்போனது. வாங்கினவனுக்குக் கப்பல் பிடிக்கிற அவசரம். சமையலறைச் சுவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்பும் சட்டியும் அவளும் மட்டும் வெட்டவெளியில் நிற்க, சாலையில் போன பேருந்து நின்று, ஓட்டுநர் தலையை நீட்டி, "தாந்தே, சாப்பாடு என்ன விலை?" என்று கேட்டான். தாந்தே என்றால் எங்கள் பக்கத்தில் சித்தி மாதிரி. ஊருக்கே அவள் தாந்தே தீன்சே.

ஒவ்வொரு தடவையும் பெர்த்தி சொல்வது ஒன்றுதான். "இது போகட்டும் தீன்சே. அடுத்தது உனக்கு."

அந்த அடுத்தது வரவே இல்லை. அவளும் பொறுத்துத்தான் போனாள். பொறுமையை உடைத்தது போன வருஷத்து அறுவடை நன்றித் திருநாள்.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. தோண்டானோவிலிருந்து தீன்சேயின் அண்ணன் குடும்பம் ஒரு வண்டி நிறைய வந்தது. முந்தின வருஷம் சாப்பிட்ட வீட்டைத் தேடிக்கொண்டு சாலையில் மேலும் கீழும் போனார்கள், வந்தார்கள். அந்த வீடு இருந்த இடத்தில் வெறும் கற்கள் கிடந்தன. தீன்சே அப்போது இன்னும் கூரை வேயாத ஒரு வீட்டில், பின்பக்கமாக இருந்தாள். கை காட்டிக் கூப்பிட்டும் அவர்கள் பார்க்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டு ஃப்ரீதா கூப்பிட்டு உட்காரவைத்து, வயிறு நிறையப் போட்டு அனுப்பிவிட்டாள். தீன்சே விடிகாலையிலிருந்து மூங்கிலில் அடைத்துச் சுட்ட கறியை யாரும் தொடவில்லை.

போகும்போதுதான் தீன்சே ஓடிவந்து அவர்களைப் பிடித்தாள். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான். "தங்கச்சி, அடுத்த வருஷம் நீ எந்த ஊர்ல இருப்பேன்னு முன்கூட்டியே சொல்லிடு. நாங்க கப்பல் டிக்கெட் எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெர்த்தியும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

*

அந்தக் கூரையில்லாத வீடு மெல்ல வளர்ந்தது. பெர்த்தி செய்ததிலேயே அழகான வீடு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன், யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரட்டும். இரும்பு மாதிரிக் கால்கள். செண்பக மரத்தில் தரை, காலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் வலப்பக்கம் ஒரு படிக்கட்டு, இடப்பக்கம் ஒரு படிக்கட்டு. எங்கள் வீடுகளுக்கு எப்போதும் இரண்டு படி உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் மறுபக்கம் இறங்கிப் போக அதைப்போல வசதி வேறு கிடையாது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் புகைவிட்டுக்கொண்டிருக்கிற லோக்கோன் எரிமலை.

"இது எனக்கு," என்றாள் தீன்சே.

"உனக்குத்தான்," என்றான் பெர்த்தி.

"சத்தியமா?"

"என்ன தீன்சே, என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா?"

"வார்த்தை மேல இருக்கு. வாங்க ஆள் வந்தா உன் நாக்கு வெல்லமா கரையுது பாரு, அது மேலதான் இல்ல."

அவள் சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை, ஆள் வந்துவிட்டது. பெர்த்தி மரம் பார்க்கப் போயிருந்த ஒரு காலைப்பொழுது. ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து பருமனான ஒரு பெண்மணி இறங்கினாள். பின்னாலேயே ஒல்லியாக ஒரு மனிதர். அந்தப் பெண்மணி நெல்லி, அமுராங் கடற்கரையில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒல்லி மனிதர் அவள் புருஷன் அலோ.

"புதுசா வீடு கட்டணும்," என்றாள் நெல்லி. "இவருக்கு சிமெண்டு வீடு வேணுமாம். எனக்கு இன்னும் முடிவாகல. அதான் பாத்துட்டுப் போகலாம்னு."

தீன்சேவுக்கு வழி தெரிந்துவிட்டது. இந்த அம்மாளை அந்த சிமெண்டு பக்கமே தள்ளிவிட்டுவிட வேண்டும். பொய் சொல்லக்கூடாது, அது பாவம். வீட்டில் இருக்கிற குறையைச் சொன்னால் போதும்.

"உள்ள வாங்க," என்று மலர்ந்த முகத்தோடு கூப்பிட்டாள். "முதல்லயே சொல்லிடறேன். இந்த மாதிரி வீட்டுல எல்லாம் கேக்கும். ஒரு அறையில தும்மினா இன்னொரு அறையில கேக்கும். பலகைச் சுவர்தானே."

"பேசறது?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

நெல்லி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "ஃபோன்ல பேசறதும் கேக்குமாம்."

அலோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

"அது நல்லதுதான்," என்றாள் நெல்லி. "வேற?"

தீன்சே கொஞ்சம் அசந்துபோனாள். ஆனாலும் விடவில்லை. "பூமி அதிர்ந்தா ஆடும். சும்மா ஆடாது, தொட்டில் மாதிரி ஆடும். முன்ன நாங்க இருந்த வீடு ஒரு தடவ காலுக்குக் கீழ இருக்கற கல்ல விட்டே நகந்துடுச்சு. ஆளுங்க வந்து ஜாக்கி வச்சு நகத்தி உக்கார வச்சாங்க."

"உடையலியா?"

"உடையறதுக்கு அதுல என்ன இருக்கு? மேசை நகந்தா மேசை உடையுமா?"

"எங்க வீட்டுச் சுவர் விரிஞ்சு கை போற அளவுக்கு ஓட்டை," என்றாள் நெல்லி மெதுவாக. "பூமி அதிர்ந்ததுலதான். இவரு அதுக்கு முன்னால காலண்டர மாட்டி வச்சிருக்காரு."

"நாலு வருஷமா ஒரே காலண்டர்," என்றார் அலோ. அவர் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அது.

தீன்சே அடுத்த குறையை எடுத்தாள். "கரையான் வரும்."

"எங்க ஊர் சிமெண்டு வீட்டுலயும் கதவ கரையான்தான் தின்னுது."

"மரம் காய்ஞ்சா பலகைக்கு நடுவுல இடைவெளி விழும். குளிர் காத்து வரும்."

"நாங்க கடக்கரைல வெந்து சாகறோம். காத்து வரட்டும்."

"குளியலறைய மரத்துல வைக்க முடியாது. பின்னால தனியா செங்கல்ல கட்டணும். அது உங்க செலவு. உங்க மனையச் சமமா ஆக்கி, கால் உக்காரக் கல் எல்லாம் முன்னாலயே போட்டு வைக்கணும். லாரி உள்ள வர வழி இருக்கணும். லாரி வந்து நின்ன பிறகு கல்லு இல்ல, வழி இல்லன்னா என் புருஷன் உங்க வாழைமரத்தடியில வீட்ட அடுக்கி வச்சிட்டு வந்துடுவான்."

"எவ்வளவு நல்லா விளக்கறீங்க தாந்தே!" என்றாள் நெல்லி. "இதுவரைக்கும் ஒருத்தன்கூட இப்படி எடுத்துச் சொல்லல. எல்லாரும் அருமையான வீடு, அருமையான வீடுன்னே சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணுதான் கவலை. மனை இவரோட அண்ணன் தம்பிங்களுக்கும் சேர்த்து உள்ளது. நாளைக்குத் தகராறு பண்ணி வெளிய போன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

தீன்சே யோசிக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வாயில் பழகின பேச்சு தானாக வந்துவிட்டது. "அதுக்கு என்ன? மண்ண அவங்களுக்கு விட்டுட்டு வீட்டக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெல்லி கையால் சுவர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அலோவைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்றாள். அலோ தலையாட்டினார். சிமெண்டு என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எழவில்லை.

*

அவர்கள் பெர்த்தியின் எண்ணை வாங்கிக்கொண்டு போனதும் தீன்சே நேராக ஃப்ரீதா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"நானே வித்துட்டேன் ஃப்ரீதா. என் வாயாலயே வித்துட்டேன்."

ஃப்ரீதா சூரைமீனை உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஆள் பெரிய உருவம். யோசிக்கும்போது இன்னும் பெரிதாகத் தெரிவாள். "மிதிச்சுடு," என்றாள்.

"யார?"

"வீட்டத்தான்டி!"

எங்கள் பக்கத்தில் புதுவீட்டுக்குக் குடி போகும்போது சபை மூப்பர் வந்து ஜெபம் செய்வார். பிறகு ஊரார் எல்லோரும் மேலே ஏறி, கை கோத்துப் பாடிக்கொண்டு, தரையைத் தொம் தொம்மென்று மிதித்து ஆடுவார்கள். வீடு தாங்குகிறதா என்று பார்க்கிற சோதனையும் அதுதான், வாழ்த்தும் அதுதான். விற்பனைக்கு நிற்கிற வீட்டை யாரும் மிதிக்க மாட்டார்கள். அது வாங்குகிறவர்கள் தங்கள் ஊரில் செய்துகொள்ள வேண்டியது. தீன்சே எத்தனையோ வீட்டில் குடியிருந்தும் ஒன்றில்கூட ஊர் வந்து மிதித்ததில்லை.

"மிதிச்சாச்சுன்னா அது குடும்பத்து வீடு," என்றாள் ஃப்ரீதா. "அப்புறம் பெர்த்தி அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விப்பான்?"

பெர்த்தி சனிக்கிழமை மரம் பார்க்கப் போகிறேன் என்று லாரியில் கிளம்பிப் போனான். லாரி வளைவில் மறைந்ததும் இந்தப் பக்கம் பன்றி வந்துவிட்டது. ஃப்ரீதாவின் கொழுந்தன்மார் மூங்கில் வெட்டினார்கள். பெண்கள் மிளகாய் அரைத்தார்கள். எங்கள் மிளகாய் அரைக்கிற இடத்தில் நின்றால் அழாதவனும் அழுவான். கள் வந்தது. சபை மூப்பர் ஹெங்கியும் வந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.

"பெர்த்தி இல்லாம எப்படி தீன்சே?" என்று தயங்கினார்.

"மூப்பரே, இந்த வீட்டப் பெருக்கிக் கூட்டறது யாரு?"

"நீதான்."

"சமைக்கறது?"

"நீதான்."

"அப்ப குடியிருக்கறது யாரு? ஜெபம் பண்ணுங்க. பன்றி வெந்துகிட்டு இருக்கு."

வெந்துகொண்டிருக்கிற பன்றியை எதிர்த்து வாதம் செய்ய மூப்பருக்கு மனம் வரவில்லை. ஜெபம் செய்தார். இந்த வீட்டில் வாழ்கிறவர்களுக்கு உடம்பு நலமும் ஒற்றுமையும் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒற்றுமை என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பிறகு மிதித்தார்கள். ஐயோ, அந்த மிதியைப் பார்த்திருக்க வேண்டும். ஃப்ரீதா நடுவில். சபையின் ஆண்கள் பாட்டுக்குழு ஒரு பக்கம், அதில் ஒருத்தர்கூட இளைத்தவர் கிடையாது. தீன்சே வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாவற்றையும் குதிகாலில் இறக்கினாள். தெர்னாத்தே வீட்டுக்கு ஒரு மிதி. பாலி வீட்டுக்கு ஒரு மிதி. அண்ணன் பேச்சுக்கு ஒரு மிதி. பெர்த்தியின் சிரிப்புக்கு இரண்டு.

அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது.

பெர்த்தி மரம் பார்க்கப் போகவில்லை. அமுராங்குக்குப் போய் நெல்லியின் மனையைப் பார்த்து, கல் எங்கே போட வேண்டும் என்று அளந்துவிட்டு, பேச்சையும் முடித்துக் கை குலுக்கிவிட்டு வந்திருந்தான். முன் இருக்கையில் நெல்லியும் அலோவும் இருந்தார்கள். கடைசியாக ஒருதடவை வீட்டைப் பார்க்க வந்தவர்கள்.

பெர்த்தி இறங்கி, தன் வீட்டில் ஊரே ஆடுவதைப் பார்த்துவிட்டு, கையில் வண்டிச் சாவியோடு அப்படியே நின்றான். அலோ ஒரு மூங்கில் கறியைக் கண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நெல்லி மட்டும் வீட்டை நோக்கி நடந்தாள். மேலே ஏறவில்லை. குனிந்து வீட்டுக்கு அடியில் போனாள். தலைக்கு மேலே ஊரே குதித்துக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொரு காலையும் கை வைத்துப் பார்த்தாள், தலையைத் தூக்கித் தரைப் பலகையைப் பார்த்தாள். ஒரு தூசி அவள் கண்ணில் விழவில்லை. ஒரு பலகை முனகவில்லை.

வெளியே வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இதேதான்," என்றாள். "இந்த வீடேதான் வேணும்."

மேலே ஆட்டம் நின்றுவிட்டது.

"இத மிதிச்சாச்சு!" என்று தீன்சே மேலிருந்து கத்தினாள். "இது குடும்பத்து வீடு!"

"நல்லதாப் போச்சு தாந்தே," என்றாள் நெல்லி. "எனக்கு ஒரு பன்றி மிச்சம்."

ஊர் சிரித்தது. ஃப்ரீதாவே சிரித்துவிட்டாள், துரோகி.

"பெர்த்தி லாசுட்!" என்றாள் தீன்சே. கோபம் வந்தால்தான் அவள் குடும்பப் பெயரைச் சேர்ப்பாள். "இது யாருக்குன்னு சொன்ன?"

பெர்த்தி வலப்பக்கப் படியில் ஏறினான். அவள் இடப்பக்கப் படியில் இறங்கினாள். அவன் இடப்பக்கம் இறங்கி வந்தான். அவள் வலப்பக்கம் ஏறிவிட்டாள். இப்படி ஒரு சுற்று நடந்த பிறகு அவனுக்கு மூச்சு வாங்கியது. "கை குடுத்துட்டேன் தீன்சே. வார்த்தை குடுத்தா எடுக்க முடியுமா? இது போகட்டும். அடுத்தது..."

"சொல்லாத. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத."

மூப்பர் ஹெங்கியைக் கேட்டார்கள். ஜெபம் வீட்டுக்கா, ஆளுக்கா? மூப்பர் கறியை மென்றுகொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். ஜெபம் ஆண்டவருக்கு என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை கழற்றுகிற ஆட்கள் வந்தார்கள். தீன்சே நடுவீட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு முறம் வெங்காயத்தை வைத்துக்கொண்டாள்.

"தாந்தே, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

"நீ உன் வேலையப் பாரு. நான் என் வேலையப் பாக்கறேன்."

கூரைத் தகடு போனது. அவள் வெங்காயம் உரித்தாள். சன்னல் போனது. சுவர் ஒவ்வொன்றாகப் போனது. படிக்கட்டு இரண்டும் போயின. மாலைக்குள் காலும் தரையும் தீன்சேயும் மட்டும் மிச்சம். நல்ல உயரத்தில், மேடை போட்டு உட்காரவைத்த மாதிரி. சாலையில் போகிற வண்டியெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. மழையும் வந்தது. எங்கள் ஊர் மழை, கேட்டுக்கொண்டா வரும்? ஃப்ரீதா ஏணி வைத்து ஏறி, ஒரு குடையும் காய்கறிக் கஞ்சியும் கொடுத்துவிட்டு இறங்கினாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஆட்கள் யாருக்கும் அவள் உட்கார்ந்திருக்கிற பலகையில் கை வைக்கத் துணிவில்லை. அதில் பாதிப்பேர் சின்னப் பிள்ளையாக அவளிடம் அடி வாங்கினவர்கள்.

பெர்த்தி கீழே நின்று அண்ணாந்து பேசினான். படி இல்லாததால் அவன் தலை அவள் பாதத்துக்கு நேராக இருந்தது.

"ஊரே சிரிக்குது தீன்சே."

"சிரிக்கட்டும். திருநாளன்னிக்கு நீயும்தான சிரிச்ச."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தலை குனிந்துகொண்டான். "அன்னிக்கா? அது... உங்கண்ணன் சொன்னது..." என்று இழுத்தான். பிறகு, "நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றான்.

"தெரியுதில்ல?"

"தெரியுது. ஆனா கை குடுத்தது?"

அவளும் கை கொடுத்ததை மீறுகிற குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. அதுதான் அவளை எழவும் விடவில்லை, நிம்மதியாக உட்காரவும் விடவில்லை.

மூன்றாம் நாள் நெல்லி வந்தாள், ஏன் லாரி வரவில்லை என்று பார்க்க. வெட்டவெளியில் தரைமேல் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிற தீன்சேயைப் பார்த்தாள். ஏணியில் ஏறினாள். ஏணி அழுதது. மேலே வந்து அவளும் உட்கார்ந்துகொண்டாள். முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"எத்தனை வீடு போச்சு?" என்று கேட்டாள்.

தீன்சே சொன்னாள். தெர்னாத்தேயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பேருந்து ஓட்டுநர் சாப்பாடு விலை கேட்டதைச் சொன்னபோது நெல்லி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்ட நான் விட முடியாது தாந்தே. என் மனசு இதுலயே நின்னுடுச்சு."

"நானும் எழுந்துக்க மாட்டேன்."

"தெரியுது." நெல்லி சுற்றிலும் பார்த்தாள். சுவர்கள் லாரியில் இருந்தன. கூரை லாரியில் இருந்தது. "நீங்கதான சொன்னீங்க, இது மேசை மாதிரி, கழட்டி எடுத்துட்டுப் போகலாம்னு. தனித்தனியாவும் கழட்டலாம்ல?"

தீன்சே கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கழற்றலாம். தனித்தனியாக. இத்தனை வருஷம் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவளுக்கு, அது தன் பக்கம் பேசும் என்று இதுவரை தோன்றியதே இல்லை. ஊர் மிதித்தது எதை? சுவரையா மிதித்தார்கள்? கூரையில் யாராவது ஆடினார்களா?

"பெர்த்தி!" என்று கூப்பிட்டாள். இந்தத் தடவை குடும்பப் பெயர் இல்லாமல். "சுவர எடுத்துட்டுப் போ. கூரைய எடுத்துட்டுப் போ. படி, சன்னல், கதவு எல்லாம் அவங்களுக்கு. இந்தத் தரையும் இதுக்குக் கீழ இருக்கற காலும் இங்க நிக்கும். அவங்களுக்குப் புதுத் தரையும் காலும் போட்டுக் குடு. இத ஊர் மிதிச்சிருக்கு. இது என்னுது."

பெர்த்தி நெல்லியைப் பார்த்தான்.

"அதே செண்பகம்தான வரும்?" என்று கேட்டாள் நெல்லி.

"அதேதான். இத விட நல்ல பலகை வச்சிருக்கேன்."

"அப்ப எனக்கு என்ன நஷ்டம்? புதுத் தரை." பிறகு பெருமூச்சு விட்டாள். "பன்றிதான் போச்சு. இனி நானே ஒண்ணு போடணும்."

"நான் வந்து மிதிக்கறேன்," என்றாள் தீன்சே. "ஃப்ரீதாவையும் கூட்டிட்டு வரேன். உங்க வீடு அவளத் தாங்கினா அப்புறம் எதையும் தாங்கும்."

அப்படித்தான் நடந்தது. அமுராங்கில் போய் மிதித்துவிட்டும் வந்தார்கள். இங்கே தரையைச் சுற்றி பெர்த்தி மெல்ல மெல்ல சுவர் எழுப்பினான், கூரை வேய்ந்தான், இரண்டு பக்கமும் படி வைத்தான். வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டான்: பார்க்கலாம், விற்பனைக்கு இல்லை. நல்ல வளைவில் நிற்கிற இடம் வீணாகிறதே என்று முதலில் புலம்பினான். ஆனால் வண்டியில் போகிறவர்கள் விற்காத வீடு என்றால்தான் அதிகமாக இறங்கிப் பார்த்தார்கள். தீன்சே உள்ளே கூப்பிட்டு, குறைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். பாதிப்பேர் அங்கேயே இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள்.

இந்த வருஷத் திருநாளுக்கு அண்ணன் குடும்பம் நேராக வந்து இறங்கியது. ஒருதடவைகூட மேலும் கீழும் ஓட்டவில்லை. மூங்கில் கறியில் ஒரு துண்டு மிச்சமில்லை.

அவர்கள் போன பிறகு தீன்சே சமையலறைச் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். புதுச் சுவர் வைக்கும்போது பெர்த்தி சன்னலைத் தள்ளி வைத்துவிட்டான். மலை தெரியவில்லை, ஃப்ரீதாவின் பன்றித் தொழுவம்தான் தெரிந்தது.

"பெர்த்தி."

"என்ன?"

"சமையலறைய அந்தப் பக்கம் மாத்திடு."

பெர்த்தி அப்போதுதான் வயிறு நிறைய உண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். "என்னது? இப்பதான கட்டி முடிச்சேன்! நகரவே கூடாதுன்னு சொன்னது யாரு?"

"தரை நகரக் கூடாது," என்றாள் தீன்சே. "மேல இருக்கறதக் கழட்டித் திருப்பி மாட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வர்றவங்ககிட்ட எல்லாம் நீ என்ன சொல்லுவ?"

பெர்த்தி எழுந்து, சுத்தியலைத் தேடிக்கொண்டு வலப்பக்கப் படியில் இறங்கினான்.